செம்பும் கையெழுத்தும்

கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்பது நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழங்கிவரும் கட்டளை. பாட்டனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். சம்பளப் பேரேட்டில் கைந்நாட்டு வைத்தவர். அந்த மை தம் மக்களின் விரலில் படக்கூடாது என்று உறுதி பூண்டு நம் தந்தையாரைப் பள்ளிக்கு அனுப்பினார். தந்தையார் நமக்கு நாலுகோட்டு நோட்டில் எழுதப் பழக்கியபோது, எழுத்து கோட்டை விட்டு இறங்கினால் அளவுகோல் விரல் முட்டியில் இறங்கும். நாம் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்ததற்கும் அந்த அளவுகோலுக்கும் தொடர்பு உண்டு என்றே எண்ணுகிறோம். கோப்புகள் எல்லாம் கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட இந்நாளிலும், நம் கையால் ஒரு குறிப்பு எழுதப்பட்டால் அதைப் பிறர் எடுத்துப் பார்த்துப் பாராட்டுவதுண்டு. அந்தச் செருக்குத்தான் நம்மை ஒரு பிழைக்குள் தள்ளியது.

நம் தமக்கையார் தங்கவயலிலேயே வாழ்க்கைப்பட்டவர். தாய்மாமன் மகனைத்தான் மணந்தார். உறவு விட்டுப் போகக்கூடாது என்று பெரியவர்கள் முடித்து வைத்த திருமணம். மூத்தவன் பையன், இளையவள் பெண். 2017ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பையன் மாரிக்குப்பம் இரயிலேறிப் பெங்களூருக்கு நம் இல்லம் வந்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. அவனுடைய பள்ளி நோட்டை நாம் வாங்கிப் பார்த்தோம். முதல் பத்துப் பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. போகப்போக எழுத்துகள் சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசிப் பக்கங்களில் கோழி கிளறினாற்போல் கிடந்தன. நமக்குச் சினம் வந்தது. நாள்தோறும் நான்கு பக்கம் எழுதிக் காட்டினால்தான் மாலையில் விளையாடப் போகலாம் என்று விதித்தோம். ஒரு மாதம் எழுதினான். எழுத்து மேலும் கெட்டது. "கை நான் சொன்னபடி கேட்கலை மாமா" என்றான் ஒருநாள். சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று கொண்டு இன்னும் இரண்டு பக்கம் கூட்டினோம்.

அவன் காப்பித் தம்ளரைச் சிந்தியதையும், பேச்சு சற்றுக் குழறியதையும், நம் மனையாள்தான் முதலில் கவனித்துச் சொன்னவள். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார். நம் அன்னையார் கண்ணேறு என்றார். மிளகாய் சுற்றிப் போட்டார். பையன் ஊர் திரும்பிய பின் பள்ளியிலும் அவனைக் கவனக்குறைவானவன் என்று பின்வரிசையில் அமர்த்தினார்கள். தமக்கையார் அழுதுகொண்டு தொலைபேசியில் பேசியதும்தான் நாம் விடுப்பெடுத்துக்கொண்டு அவனை ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே நரம்பியல் மருத்துவர் அவன் கையைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பார்த்தார். கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பொன்னும் பாசியும் கலந்த நிறத்தில் ஒரு வளையம். விளக்குக் கருவியின் வழியே நம்மையும் பார்க்கச் சொன்னார். அழகாகத்தான் இருந்தது. அது செம்பு என்றார். ஒரு நாள் முழுதும் கழிந்த சிறுநீரைக் கலனில் சேர்த்துக் கொடுத்தோம், குருதி எடுத்தார்கள், மூளையைப் படம் பிடித்தார்கள். வில்சன் நோய் என்று உறுதியாயிற்று. மருத்துவர் நம் பக்கம் திரும்பி, "கையின் மேல் குற்றமில்லை" என்று மட்டும் சொன்னார். நாம் அவரிடம் நாலுகோட்டு நோட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

இலண்டனில் சாமுவேல் கின்னியர் வில்சன் என்பார் 1912இல் இந்நோயை விரிவாக எழுதினார். கண்ணில் தோன்றும் வளையத்தை அதற்கும் முன்பே, 1902இலும் 1903இலும், கெய்சர், ஃபிளைஷர் என்னும் ஜெர்மானிய மருத்துவர்கள் கண்டு எழுதியிருந்தார்கள். நம் உடலுக்குச் செம்பு வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கும். உணவில் வரும் மிகுதியைக் கல்லீரல் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் ஒரு புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டால், செம்பு வெளியேற வழியின்றிக் கல்லீரலில் தங்கி, பின்னர் வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. அந்த மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் மூன்று பத்தாண்டுகளில் தாம் கண்ட 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதியிருக்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தோம்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் ஆக இரண்டும் சேர்ந்து வந்தால்தான் இந்நோய். ஒன்று மட்டும் உள்ளவர்க்கு யாதொரு துன்பமும் இல்லை; தம்மிடம் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது ஒரே முன்னோரிடமிருந்து வந்த பழுது இருபுறமும் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது தமக்கையார், "அவளுக்கு ஒண்ணும் இல்லை தம்பி, நல்லா ஓடியாடுறா" என்று மறுத்தார். வற்புறுத்தி அழைத்து வந்தோம். ஒன்பது வயதுச் சிறுமி. ஓர் அறிகுறியும் இல்லை. அவளுக்கும் இருந்தது.

பையனுக்குப் பெனிசிலமைன் என்னும் மருந்து கொடுத்தார்கள். 1956இல் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோய்க்கென்று கண்ட மருந்து அது. நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே விழுங்கிப் பார்த்தவர் என்பார்கள். பெனிசிலின் உட்கொண்டவரின் சிறுநீரில் அவர் முன்பு கண்ட ஓர் அமினோ அமிலந்தான் அது. அதிலுள்ள கந்தகம் செம்பைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து சிறுநீரில் வெளியேறுகின்றன. முதல் சில வாரங்கள் நடுக்கம் கூடவே செய்தது. அப்படியும் நேரலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தபடியால் தாங்கிக்கொண்டோம். சிறுமிக்கோ வேறு மருந்து: துத்தநாகம். ஓர் உலோகத்தை அகற்ற மற்றோர் உலோகத்தைக் கொடுப்பானேன் என்று நமக்கு விளங்கவில்லை.

வரலாறு படித்தவர்க்கு இதெல்லாம் எட்டாத செய்தி என்று விட்டுவிடலாம். நாம் விடவில்லை. காரணம் அறிவு வேட்கை என்று சொன்னால் பொய். ஒரு மாதம் அந்தப் பிள்ளையை எழுத வைத்த குற்றம் இரவில் உறங்க விடவில்லை. அவன் கையைப் பிடித்து ஆட்டிய பொருளை அறிந்துகொள்ளாமல் அவன் முகத்தைப் பார்ப்பது கூச்சமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செம்பு அயனியை ஒரு சிறு அமிலத்துணுக்கு பற்றிக்கொள்கிறது என்கிறார்களே, பற்றியதை எவர் கண்டார், எப்படிக் கண்டார்? இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தோம்.

பெங்களூரில் பழைய மக்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைக்கும் இந்திய அறிவியல் கழகம் 1909இல் தோன்றியது. ஆண்டுக்கொரு நாள் அதன் வாயில்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். 2018ஆம் ஆண்டின் திறந்த நாளன்று பையனையும் அழைத்துக்கொண்டு போனோம். மல்லேசுவரம் பக்கத்திலிருந்து திருவிழாக் கூட்டம். எந்திர மனிதனைப் பார்க்க நீண்ட வரிசை. திரவ நைட்ரஜனில் பூவை நனைத்து உடைக்கும் இடத்தில் இன்னும் நீண்ட வரிசை. நாம் விசாரித்துச் சென்ற அறையில் பத்துப் பேர்தாம் இருந்தார்கள். அங்கே நிறை நிறமாலைமானி என்னும் கருவி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால்தான் எவர்க்கும் புரியும். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வைத்தாற்போன்ற தோற்றம், ஓயாமல் இரையும் பம்பு. விளக்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். பையன் நம்மிடம் முணுமுணுத்த தமிழைக் கேட்டதும், "தமிழா? நான் தேனிப் பக்கம்" என்று முகம் மலர்ந்தார். அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவர் நமக்கு ஆசிரியர்.

முதலில் அவர் சொன்னது: அமினோ அமிலங்கள் பூக்களைப்போல் தனித்தனி; அவற்றைச் சில பத்து வரை தொடுத்தால் பெப்டைடு; நீளமாகத் தொடுத்து மடித்தால் புரதம். தொடுத்த சரத்தில் சில பூக்களுக்கு உலோகத்தைப் பிடிக்கும் கொக்கி உண்டு. ஹிஸ்டிடின் என்பதற்கு நைட்ரஜன் கொக்கி, சிஸ்டீன் என்பதற்குக் கந்தகக் கொக்கி. நம் குருதியிலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் தலைப்பில் மூன்றாவது இடத்தில் ஒரு ஹிஸ்டிடின் இருக்கிறது. அந்த முதல் மூன்று அமினோ அமிலங்களும் சேர்ந்து ஒரு செம்பு அயனியை இடுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கனடாவில் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய பிபுதேந்திர சர்க்காரும் அவர் கூட்டத்தாரும் அந்த இடுக்கியைப்போலவே கிளைசின், கிளைசின், ஹிஸ்டிடின் என்று மூன்றே கண்ணிகளால் ஒன்றை அமைத்து 1974இல் வெளியிட்டார்கள். அந்த மூன்று கண்ணிப் பெப்டைடுதான் அன்று மேசைமேல் ஒரு சிறு குப்பியில் இருந்தது. நிறமற்ற நீர். அதில் செம்பு உப்புக் கரைசலைச் சில துளிகள் விட்டதும் ஊதா கலந்த செந்நிறம் படர்ந்தது. பையன் முன்னால் வந்து நின்றுகொண்டான்.

நிறம் மாறினால் ஏதோ நடந்தது என்று தெரியும். எத்தனை, எதனோடு என்பது தெரியாது. அதற்கு நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தராசுத் தட்டில் வைக்க முடியாத பொருளை நிறுப்பது எப்படி? கரைசலை மயிரிழைக் குழாய் வழியே செலுத்தி, அதன் முனைக்கு மூவாயிரம் நாலாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நீர் சிதறிப் பனித்திவலையாகிறது; ஒவ்வொரு திவலையும் மின்னேற்றம் சுமந்து வருகிறது. வெதுவெதுப்பான நைட்ரஜன் காற்றில் நீர் உலர உலரத் திவலை சுருங்குகிறது, மின்னேற்றம் சுருங்குவதில்லை. நெருக்கடி தாங்காமல் திவலை வெடித்து வெடித்துச் சிறுத்து, கடைசியில் பெப்டைடு மட்டும் தன் மின்னேற்றத்தோடு வெறுவெளியில் நிற்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட குழாயினுள் அதனை மின்விசையால் உந்திவிட்டால், ஒரே அளவு மின்னேற்றம் உடையவற்றுள் இலேசானது முந்தும், கனத்தது பிந்தும். வந்து சேர்ந்த நேரத்தை அளந்தால் எடை. களத்துமேட்டில் நெல் தூற்றுகையில் பதர் விலகிப் பறக்க, மணி நேரே விழுவதை நாம் நினைத்துக்கொண்டோம். இங்கே காற்றுக்குப் பதில் மின்சாரம்.

இனிக் கணக்கு. ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ ஒன்று என்று கொண்டால் அந்த மூன்று கண்ணிப் பெப்டைடின் எடை 269. ஒரு புரோட்டானை ஏந்தி வருவதால் திரையில் 270 என்னும் இடத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. செம்பு கலந்த கரைசலைச் செலுத்தினார் மாணவி. 270இல் இருந்த கோபுரம் தேய்ந்தது. 331இல் ஒன்றும் 333இல் ஒன்றும் புதிதாக எழுந்தன. செம்பின் எடை 63. அது இரண்டு நேர்மின்னேற்றத்தோடு வருவதால், பெப்டைடு தன்னிடமிருந்து ஒரு புரோட்டானை விட்டுக்கொடுத்துவிட்டு அதனை ஏற்கிறது: 269உடன் 63ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 331. அப்படியானால் 333 எங்கிருந்து வந்தது? இயற்கையில் செம்பு அணுக்கள் எல்லாம் ஓரெடை அல்ல. நூற்றில் 69 பங்கு 63 எடையுள்ளவை. 31 பங்கு 65 எடையுள்ளவை. திரையில் நின்ற இரு கோபுரங்களின் உயரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருந்தன. பெரிதும் சிறிதுமான இந்த இரட்டைக் கோபுரத்தைக் கண்டால் செம்பு வந்திருக்கிறது என்று அடையாளம் சொல்லிவிடலாமாம். துத்தநாகமாயின் 64, 66, 67, 68, 70 என ஐந்து காலடி பதியும்.

அவ்விடத்தில் நமக்கு நம் அலுவலகம் நினைவுக்கு வந்தது. இருபுறமும் ஒட்டாத கணக்கில் விடுபடும் வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எவரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று பழைய கணக்கர் சொல்லித் தந்திருக்கிறார். 54ஐ 45 என்று எழுதியவரை நாம் பார்த்ததில்லை. ஒன்பது என்னும் வேறுபாடு காட்டிக் கொடுக்கிறது. இதைச் சொன்னதும் மாணவி சிரித்தார். "எங்கள் தொழிலும் அதுதான் சார். 22 அதிகமாக வந்தால் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் சோடியம், 38 வந்தால் பொட்டாசியம்" என்றார். சோடியத்தைப் பற்றி அவருக்குத் தீராத குறை உண்டு. கண்ணாடிக் குப்பியிலிருந்தும் வரும், விரல் வியர்வையிலிருந்தும் வரும், அழையா விருந்தாளி. தெளித்து உலர்த்தும் வேளையில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு, பற்றாததைப் பற்றியதுபோல் காட்டிவிடும். ஆகவே ஒரு கோபுரத்தைக் கண்டவுடன் கட்டுரை எழுதிவிட முடியாது. உலோகத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், கொக்கியற்ற வேறொரு பெப்டைடை வைத்துப் பார்த்தும் சரிபார்க்க வேண்டும். சரத்தில் எந்தப் பூவில் உலோகம் சிக்கியிருக்கிறது என்று அறிய, சரத்தை வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைத்து, துண்டங்களை மறுபடி நிறுக்கிறார்கள். எந்தத் துண்டில் செம்பின் எடை கூடியிருக்கிறதோ அங்கேயே கொக்கி. இவ்வளவுக்குப் பிறகும், நீரும் உப்பும் நிறைந்த உடலுக்குள் நடப்பதும் வெற்றிடக் குழாய்க்குள் காண்பதும் ஒன்றா என்னும் ஐயம் மிஞ்சும் என்றார். தம் கருவியின் குறையைத் தாமே சொன்ன அந்த நேர்மை நமக்குப் பிடித்தது.

இந்தக் கருவியின் வரலாறும் சுவையானதே. ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவில் 20, 22 என இரு எடைகளைக் கண்டது 1913ஐ ஒட்டி. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் ஆவியாக்க வழியில்லை. புரதத்தைச் சூடாக்கினால் கருகும், பறக்காது. திவலையாக்கும் முறையைப் புரதங்களுக்குப் பயன்படுத்திக் காட்டிய ஜான் ஃபென் என்னும் அமெரிக்கர் அப்போது எழுபதை நெருங்கிய முதியவர். ஒளிக்கற்றையால் புரதத்தை எழுப்பும் வேறொரு முறையைக் கண்ட கொய்ச்சி தனாகா, கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளர். முனைவர் பட்டம் பெறாதவர். கோபால்ட்டுத் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டு, வீணாக்க மனமின்றி அதையே பயன்படுத்தியதில் அவர்க்கு வழி பிறந்தது. இருவருக்கும் 2002இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்று தனாகாவுக்கு வயது 43. கலைப் பட்டத்தோடு நின்றுவிட்டு அதே நாற்பதுகளில் இருக்கும் நமக்கு, அவர் கதையைக் கேட்பதில் ஒரு தனி இன்பம். பொறாமையும் சிறிது உண்டு.

அந்த வளாகத்துக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு நெடியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளிப்படுத்திப் புகழ்பெற்ற ஜி. என். இராமச்சந்திரன், பெங்களூருக்கு வந்து 1971இல் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அங்கே கே. ஆர். கே. ஈசுவரன், வாலினோமைசின் என்னும் வளையம் உலோக அயனிகளைப் பற்றும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட அவ்வளையத்தின் நடுவே பொட்டாசியம் கச்சிதமாக அமரும். சோடியம் சிறிதாகையால் தளர்ந்துபோகும். பொட்டாசியத்தின்மேல் அதற்குள்ள விருப்பம் சோடியத்தைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு என்கிறார்கள். நிறுத்துப் பார்த்தால் வளையம் 1110, பொட்டாசியத்தோடு 1149. 2005 முதல் 2014 வரை கழகத்தின் இயக்குநராக இருந்த பி. பலராம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து நம் தென்கிழக்குக் கடற்கரையின் கூம்பு நத்தைகளின் நஞ்சை இதே வகைக் கருவியில் இட்டு ஆராய்ந்தார். (இராமனோடு உழைத்த கிருஷ்ணன் வேறு, இவர் வேறு.) பதின்மூன்று கண்ணிகளே கொண்ட புதிய நஞ்சுப் பெப்டைடு ஒன்றை 2004இல் அவர்கள் வெளியிட்டார்கள். சிறுவயதில் கடற்கரையில் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட ஓடுகளுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது!

துத்தநாகப் புதிருக்கும் அன்றே விடை கிடைத்தது. மெட்டலோதயோனீன் என்று ஒரு சிறு புரதம். குதிரையின் சிறுநீரகத்திலிருந்து 1957இல் பிரித்தெடுக்கப்பட்டது. அறுபத்தொன்றோ இரண்டோ கண்ணிகள்தாம். அவற்றுள் இருபது சிஸ்டீன். இருபது கந்தகக் கொக்கிகளால் ஏழு துத்தநாக அயனிகளைப் பிடித்து வைக்கும். துத்தநாகம் உண்டால் குடலின் உட்சுவர் இப்புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. உணவில் செம்பு வந்தால், இப்புரதம் துத்தநாகத்தை விட்டுவிட்டுச் செம்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. குடலின் உட்தோல் சில நாளைக்கொருமுறை உதிர்ந்து புதிதாவது இயல்பு. உதிரும்போது செம்பையும் கொண்டுபோய்விடுகிறது. ஆக, துத்தநாகம் செம்போடு சண்டையிடுவதில்லை. சிறைச்சாலையைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

நாம் திரும்பும் வழியில் பையனிடம் தங்கவயலின் சயனைடு மேடுகளைப் பற்றிச் சொன்னோம். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அம்மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்றடித்தால் மணல் வீட்டுக்குள் வரும். பொடித்த பாறையில் கலந்துகிடக்கும் பொன்னைச் சயனைடுதான் பற்றிக் கரைத்து வெளியே கொணரும். பிறகு துத்தநாகத்தை இட்டால் பொன் விடுபட்டுத் தனியே படியும். கிளாஸ்கோ நகரில் 1887இல் கண்ட முறை. பாட்டனார் நுரையீரலில் பாறைத்தூளை நிரப்பிக்கொண்டு மேலே அனுப்பிய கல்லிலிருந்து பொன் இப்படித்தான் பிரிந்தது. அவர் வாழ்நாளில் அதை எவரும் அவர்க்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்போ அங்கேயும் துத்தநாகந்தானா?" என்று பையன் கேட்டான். அவ்வளவு நீளமாக அவன் தடையின்றிப் பேசிப் பல மாதங்களாகியிருந்தன.

வீட்டில் மாற்றங்கள் வந்தன. நம் அன்னையார் நாற்பது ஆண்டுகளாக இரவில் செம்புக் குடத்தில் நீர் நிரப்பி, காலையில் எல்லோருக்கும் வார்த்துக் கொடுப்பார். மற்றவர்க்கு அதனால் தீங்கில்லை என்று மருத்துவர் சொன்னபோதிலும், பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அது வேண்டாம் என்று அவரே பரண்மேல் ஏற்றிவிட்டார். பாத்திரத்துக்கும் உலோகத்துக்கும் செம்பு என்று ஒரே பெயராக இருப்பதால், எவர்சில்வர் செம்பை நீட்டினாலும் சிறுமி, "இது எந்தச் செம்பு பாட்டி?" என்று கேட்டுவிட்டே வாங்குவாள். முந்திரி, வறுத்த ஈரல், சாக்கலேட்டு எல்லாம் அவர்கள் தட்டிலிருந்து விலகின. மருந்தை வெறும் வயிற்றில் உண்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், வாழ்நாள் முழுதும். ஒருமுறை பையன் தேறிவிட்டான் என்று எண்ணித் தமக்கையார் கணவர் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டார். நாம் திரையில் கண்ட இரட்டைக் கோபுரத்தைத் தாளில் வரைந்து காட்டி விளக்கினோம். புரிந்ததோ இல்லையோ, அதன்பின் அவர் கேட்கவில்லை.

நாலுகோட்டு நோட்டுக்காக நாம் பையனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, வாய் வராமல் ஓராண்டு கழித்துக் கேட்டோம். "அதுலதான் மாமா டாக்டர் எப்போ ஆரம்பிச்சதுன்னு பார்த்தாரு" என்றான். உண்மைதான். நாளிட்ட அந்தப் பக்கங்களை மருத்துவர் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டியதை அவன்தான் நினைவில் வைத்திருந்தான். தண்டனையாக எழுத வைத்தது சான்றாகப் பயன்பட்டதென்று நாம் ஆறுதல் கொள்ள முயன்றதுண்டு. முழுதும் முடியவில்லை.

நோயால் ஓராண்டுப் படிப்பை இழந்த அவன் இப்போது பி.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கிறான். சிறுமிக்கு இன்றுவரை ஓர் அறிகுறியும் இல்லை. இக்கட்டுரையைத் தாளில் எழுதி முடித்ததும் பிழை பார்க்க அவனிடம் கொடுத்தோம். நாம் 269உடன் 63ஐக் கூட்டி 332 என்று எழுதியிருந்தோம். கணக்கெழுதிப் பிழைப்பவர் கூட்டலில் தவற மாட்டார் என்னும் நம்பிக்கை. மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், "ஒரு புரோட்டானைக் கழிக்கணும் மாமா, 331" என்று எழுதியிருந்தான். எழுத்து இன்னும் சற்றே வலப்புறம் சாய்கிறது; மூன்று என்னும் இலக்கத்தின் வால் நடுங்கியிருக்கிறது. எண்ணைத் திருத்திக்கொண்டு மலர்க் குழுவுக்கு அனுப்பினோம்.